விலைக்கு வாங்கவா, வார்த்தெடுக்கவா?

கிணற்று மேட்டில் கவலை இறைத்ததை நம்மில் முதியவர்கள் கண்டிருப்பார்கள். இரண்டு எருதுகள் முன்னும் பின்னும் நடக்கும், வடம் முறுகும், சால் நிறைந்து மேலேறி வாய்க்காலில் கவிழும். விடியுமுன் தொடங்கினால் வெயில் ஏறும்வரை அதே நடை, அதே பாட்டு. அந்த ஏற்பாட்டுக்குக் கவலை என்று பெயரிட்டவன் யாரோ, கொங்கு உழவனின் வாழ்வை நன்கு அறிந்தவனாகத்தான் இருக்க வேண்டும்!

1932-ஆம் ஆண்டில் பைக்காராவில் நீர்மின்சாரம் பிறந்தது. நீலமலை நீர் குழாயில் பாய்ந்து சக்கரத்தைச் சுழற்ற, அதன் ஆற்றல் கம்பி வழியே கோவைச் சமவெளிக்கு இறங்கி வந்தது. பஞ்சாலைகள் பெருகின. எருதுகள் நடந்த இடத்தில் மோட்டார் உட்கார்ந்தது. அந்த மோட்டார் எங்கிருந்து வந்தது? கப்பலேறி வந்தது! இரும்பை வார்க்கவும் செம்புக் கம்பியைச் சுற்றவும் நமக்கு மட்டும் கை இல்லையா என்று கேட்டவர்கள் அன்று கோவையில் இருந்தனர். 1937-இல் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரமும் சேர்ந்து மோட்டாரை இந்த மண்ணிலேயே செய்து காட்டினர். இன்று நாட்டில் உருவாகும் பம்புசெட்டுகளில் ஏறத்தாழப் பாதி கோவை வட்டாரத்தில் பிறக்கின்றன என்று தொழில்துறையினர் பெருமையோடு கூறுகின்றனர். மின்சாரத்தை அரசு கொண்டுவந்தது; மோட்டாரைப் பட்டறை கொண்டுவந்தது. இரண்டும் கை கோத்ததால் கொங்கு நாடு தொழில் நாடாயிற்று.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். மீண்டும் ஒரு புதிய எந்திரம் வாசலில் வந்து நிற்கிறது, தோழர்களே! எரிபொருள் மின்கலம் என்பது அதன் பெயர். இம்முறை நாம் அதை விலைக்கு வாங்கப் போகிறோமா, வார்த்தெடுக்கப் போகிறோமா என்பதே என் கேள்வி.

இது என்ன மாயப்பெட்டி? மாயம் ஏதுமில்லை. நீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் அது ஹைட்ரஜனாகவும் பிராணவாயுவாகவும் பிரியும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அதைத் தலைகீழாகத் திருப்புங்கள். ஒருபுறம் ஹைட்ரஜன், மறுபுறம் காற்றிலுள்ள பிராணவாயு, நடுவே மெல்லிய சவ்வு ஒன்று, அதன் இரு முகங்களிலும் சிறிதளவு பிளாட்டினம். ஹைட்ரஜன் அணு இரண்டாகப் பிரிகிறது. ஒரு பகுதி சவ்வின் ஊடே நுழைந்து செல்கிறது. மற்றப் பகுதியான எலெக்ட்ரான் சவ்வைக் கடக்க முடியாமல் கம்பி வழியே சுற்றிவருகிறது. அந்தச் சுற்றுப் பயணமே மின்சாரம்! முடிவில் எஞ்சுவது நீரும் வெப்பமுமே. புகை இல்லை, பிஸ்டன் இல்லை, காதைப் பிளக்கும் ஓசை இல்லை.

1839-லேயே வில்லியம் குரோவ் என்ற பிரிட்டிஷ் அறிஞர் இதனைச் செய்து காட்டினார். நூறாண்டுக்கு மேல் அது ஆய்வுக்கூடத்து விளையாட்டாகவே கிடந்தது. பிரான்சிஸ் பேக்கன் என்ற பொறியாளர் 1932-இல் தொடங்கி, 1959-இல் ஐந்து கிலோவாட் கலத்தைப் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. நிலவுக்குச் சென்ற அப்பல்லோ கலங்களுக்கு மின்சாரம் தந்ததும், அதில் சென்றோர்க்குக் குடிநீர் தந்ததும் இதுவே. எனினும், நிலவுக்குப் போய்வந்த எந்திரம் நம் தெருவுக்கு வர அரை நூற்றாண்டு பிடித்தது. விண்வெளியில் யாரும் விலை கேட்பதில்லை, தெருவில் கேட்கிறார்கள்!

தமிழ்நாட்டுக்கு இதில் பங்கில்லையா? நிறைய உண்டு. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்ச ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் காரைக்குடியில் இருக்கிறது. மின்கல ஆராய்ச்சி என்றால் இந்தியாவே அதன் பெயரைச் சொல்லும். சென்னையில் ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் எரிபொருள் மின்கல நுட்பத்துக்கென்றே மத்திய அரசின் மையம் ஒன்று இயங்குகிறது. 20 கிலோவாட் வரை மின்சாரம் தரும் அமைப்புகளை நம் பொறியாளர்களே அங்கு உருவாக்கியுள்ளனர். 2013-இல் நாட்டின் முதல் ஹைட்ரஜன் மின்கலப் பேருந்து ஓடிக் காட்டியது மகேந்திரகிரியில். 2024 ஜனவரியில் விண்ணில் சுற்றிய இராக்கெட்டின் மேடையில் 180 வாட் மின்கலம் ஒன்றை நம் விண்வெளி அறிஞர்கள் சோதித்து வெற்றி கண்டனர். 2025 ஜூலையில் ஹைட்ரஜன் இரயில் பெட்டி சோதிக்கப்பட்டது பெரம்பூர் பெட்டித் தொழிற்சாலையில். அதே ஆண்டு செப்டம்பரில் தூத்துக்குடித் துறைமுகத்தில் பசுமை ஹைட்ரஜன் செய்யும் சிறு நிலையம் திறக்கப்பட்டது.

காரைக்குடி, சென்னை, மகேந்திரகிரி, தூத்துக்குடி! இந்த வரிசையில் கோவை எங்கே? குறிச்சி எங்கே, கணபதி எங்கே, பீளமேடு எங்கே? ஆய்வு செய்கிறவர் ஒரு மூலையில், வார்ப்படம் வார்க்கிறவர் இன்னொரு மூலையில். இருவருக்கும் நடுவே ஒரு சாலை இருக்கிறது; அதில் பேருந்தும் ஓடுகிறது; பேச்சுத்தான் ஓடவில்லை.

இதனால் வரும் இழப்பு எத்தகையது? திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் எந்திரவியல் பயின்ற கே. ஆர். ஸ்ரீதர் என்பவரின் கதையே போதும். அவர் அமெரிக்கா சென்றார். செவ்வாய்க் கோளின் காற்றிலிருந்து பிராணவாயு செய்யும் கருவியை அமெரிக்க விண்வெளி நிறுவனத்துக்காக அரிசோனாவில் உருவாக்கினார். அத்திட்டம் நின்றது, அவர் நிற்கவில்லை. மின்சாரம் கொடுத்து வாயு எடுத்த கருவியைத் திருப்பி வைத்து, வாயு கொடுத்து மின்சாரம் எடுத்தார். கலிபோர்னியாவில் நிறுவனம் தொடங்கி, புளூம் எனர்ஜி என்ற பெயரில் 2010-இல் தம் பெட்டியை உலகுக்குக் காட்டினார். இன்று அமெரிக்காவின் பெரும் கணினி நிலையங்கள் அந்தப் பெட்டிகளை வரிசை வரிசையாக வாங்கி வைக்கின்றன. அது பெரும்பாலும் இயற்கை எரிவாயுவில் ஓடுகிறது, கரியமில வாயுவை வெளியிடுகிறது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. ஆனால் நம் திருச்சியில் படித்த அறிவு கலிபோர்னியாவில் தொழிலாயிற்றே, ஏன்? அறிவை வார்த்தெடுக்க அங்கே பட்டறையும் முதலும் அரசின் முதல் ஆர்டரும் அருகருகே இருந்தன. இங்கே?

சரி, எல்லாவற்றையும் நாளையே இதற்கு மாற்றிவிடலாம் என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்! கணக்குப் பார்ப்போம். ஒரு கிலோ ஹைட்ரஜனை நீரிலிருந்து பிரிக்க ஐம்பது யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். அந்த ஒரு கிலோவை மின்கலத்தில் இட்டால் திரும்பக் கிடைப்பது ஏறத்தாழப் பதினாறு யூனிட். மூன்று குடம் ஊற்றி ஒரு குடம் இறைக்கும் வித்தை இது! கம்பியில் வரும் மின்சாரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது கிணற்று மோட்டாரை ஹைட்ரஜனில் ஓட்டுவேன் என்பவன் அறிவாளியும் அல்லன், உழவனின் நண்பனும் அல்லன். நகருக்குள் ஓடும் சிறு வண்டிக்குச் சாதாரண மின்கல அடுக்கே போதும்.

தண்ணீர்க் கணக்கும் உண்டு. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் குறைந்தது ஒன்பது லிட்டர் தூய நீர் வேண்டும். ஆயிரம் அடி துளைத்தும் ஈரம் காணாத பல்லடத்திலும் அவிநாசியிலும் ஹைட்ரஜன் ஆலை வைக்கப்போகிறோம் என்று யாரேனும் நிலம் கேட்டு வந்தால், என்ன விடை சொல்லவேண்டும் என்று நம் விவசாயிகளுக்கு நான் கற்றுத்தர வேண்டியதில்லை. புகளூருக்கு வந்த உயரழுத்த மின்பாதைக்காக வயல் நடுவே கோபுரம் நட்டபோது அவர்கள் தெருவில் அமர்ந்து கேட்ட கேள்விகள் இன்னும் ஆறவில்லை. ஹைட்ரஜனைக் கடற்கரை செய்யட்டும். எந்திரத்தைக் கொங்கு நாடு செய்யட்டும்!

அப்படியானால் இந்த எந்திரம் யாருக்குப் பயன்படும்? நாமக்கல்லையும் சங்ககிரியையும் கேளுங்கள். அங்கிருந்து புறப்படும் லாரி பல நாள் ஓடி வடநாட்டு எல்லையைத் தொடுகிறது. அத்தனை தூரத்துக்கு வேண்டிய மின்கல அடுக்கை ஏற்றினால் சரக்குக்கு இடமும் எடையும் குறையும். நிரப்பவும் நெடுநேரம் காத்திருக்கவேண்டும். அங்கே ஹைட்ரஜனுக்கு வேலை உண்டு. அதனால்தான் 2025 மார்ச்சில் பதினாறு ஹைட்ரஜன் லாரிகளை நாட்டின் நெடுஞ்சாலைகளில் சோதனைக்கு இறக்கினார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடெங்கும் சென்று துளை போடுகின்றன. அவை குடிக்கும் டீசலை ஓட்டுநர் தோழர்களைக் கேட்டால் சொல்வார்கள். நாளை டீசல் வண்டிக்கு நெருக்கடி வரும்போது முதலில் அடிபடப்போவது இந்த ஊர்களே.

இன்னொரு பயனும் உண்டு. 2012-ஆம் ஆண்டை மறந்துவிட்டீர்களா? நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் மின்சாரம் இல்லை. விசைத்தறி நின்றது, லேத் நின்றது, பவுண்டரியில் உலை ஆறியது. வசதி படைத்தவன் ஜெனரேட்டர் வைத்தான்; ஒற்றை லேத் வைத்திருந்தவன் பூட்டுப் போட்டான். அந்த நிலை இன்றில்லை. எனினும் மருத்துவமனைக்கும் பேரிடர் நிலையத்துக்கும் காப்பு மின்சாரம் எந்நாளும் வேண்டும். சில மணி நேரத்துக்கு மின்கல அடுக்கு போதும். புயலடித்து நாட்கணக்கில் கம்பி அறுந்து கிடந்தால் அது போதாது. ஓசையும் புகையும் இன்றி நாட்கணக்கில் ஓட எரிபொருள் மின்கலத்தால் முடியும். சென்னை மையம் பேரிடர் நிலையங்களுக்கென இத்தகைய அமைப்பை வடிவமைத்ததும் இக்காரணம் பற்றியே.

இனி நம் பட்டறைக்கு வருவோம். இந்தக் கலத்தைப் பிரித்துப் போட்டுப் பாருங்கள். ஒரு கலம் தரும் அழுத்தம் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. எனவே நூற்றுக்கணக்கில் அடுக்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு தகடு. தகட்டின் மேல் நுண்ணிய வாய்க்கால்கள். பாசனம் அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும்: தலைமடைக்கும் கடைமடைக்கும் வாயு ஒரே அளவில் பாயவேண்டும், பிறக்கும் நீர் தேங்காமல் வடியவேண்டும். வாய்க்கால் சரியில்லையேல் கடைமடை காயும், கலம் கெடும். இந்த வாய்க்கால்களின் வடிவம் பற்றிக் கோவைப் பொறியியல் கல்லூரிகளில் பல ஆண்டுகளாக ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதப்பட்டு வருகின்றன. தகட்டைத் தவிர மிச்சமிருப்பவை என்ன? காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசர், குளிர்நீரைச் சுற்றிவிடும் பம்பு, வால்வு, அதை ஓட்டும் மோட்டார், எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கும் தட்டும் போல்ட்டும். இவற்றில் கோவைக்குத் தெரியாதது எது? சவ்வும் பிளாட்டினப் பூச்சும் மட்டுமே நம் கைக்குப் புதியவை. அவற்றை அறிந்தவர்கள் காரைக்குடியில் இருக்கிறார்கள்.

"விலை இறங்கட்டும், பிறகு பார்க்கலாம்" என்கிறார்கள் சில பெரிய முதலாளிகள். விலை தானாக இறங்குமா? செய்யச் செய்யத்தானே இறங்கும்! பிறர் செய்து விலை இறங்கியபின் நமக்கு மிஞ்சுவது விற்பனைக் கடையும் பழுது பார்க்கும் வேலையுமே. 2015-இல் பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்று இந்நாட்டில் இருபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட கைப்பேசிக் கோபுரங்களின் மின்சாரப் பொறுப்பை ஏற்று, எரிபொருள் மின்கலம் வைக்கப்போவதாகப் பத்தாண்டு ஒப்பந்தத்தை ஆரவாரமாக அறிவித்தது. அது நிறைவேறவில்லை. பிறர் பெட்டியை நம்பிக் காத்திருப்பவர் கதி அதுதான்.

இதற்கிடையே கார், பைக் என்ஜினுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறைகளில் பல்லாயிரம் தொழிலாளர் உழைக்கின்றனர். மின்வண்டியில் பிஸ்டன் இல்லை, கிராங்க் இல்லை. அந்தப் பட்டறைக்காரருக்கும் தொழிலாளிக்கும் அடுத்த வேலை என்ன என்று இன்று யாரும் சொல்லவில்லை. நான் இதை எழுத உட்கார்ந்ததற்கு உண்மையில் அதுவே காரணம்.

2023 ஜனவரியில் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கென மத்திய அரசு 19,744 கோடி ரூபாயை ஒதுக்கியது. அதில் பெரும்பங்கு பெருநிறுவனங்களுக்கே ஊக்கத்தொகையாகப் போகும்படி திட்டம் வகுக்கப்பட்டுள்ளது. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அதில் என்ன பங்கு? முன்பு பம்புசெட்டைச் சோதித்துச் சான்று தரக் கோவையில் சிடார்க் என்ற பொதுச் சோதனை நிலையம் அமைந்ததால் சிறு பட்டறையும் பெரிய ஆலையோடு தரத்தில் போட்டியிட முடிந்தது. அதுபோல் எரிபொருள் மின்கல உறுப்புகளைச் சோதிக்க ஒரு நிலையம் இங்கு வேண்டும். ஹைட்ரஜனுக்கு மணமில்லை, அதன் சுடர் பகலில் கண்ணுக்குப் புலப்படாது, பாதுகாப்பான சோதனைக் கூடத்தைத் தனிப்பட்டறை எதுவும் கட்ட இயலாது. மக்கள் பணத்தில் காரைக்குடியும் சென்னையும் கண்டறிந்த நுட்பங்களைக் கூட்டாக இணையும் சிறு பட்டறைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் தரவேண்டும். முதல் ஆர்டரை அரசே கொடுக்கவேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலிருந்து தொடங்கலாம்.

உங்கள் ஊர்ப் படிப்பகத்தில் இவ்வாரம் இதைப் படித்து விவாதியுங்கள். டர்னர், ஃபிட்டர், மோல்டர் தோழர்களை அழைத்துப் பேசவிடுங்கள். என் கணக்கில் பிழையிருந்தால் அவர்களே சொல்வார்கள். பிறகு உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் போங்கள். எக்கட்சியினராயினும் போங்கள். கோவைக்கு அந்தச் சோதனை நிலையம் எப்போது வரும், எந்த நிதியாண்டின் கணக்கில் வரும் என்று கேளுங்கள். வரும் விடையை எனக்கு எழுதுங்கள். இதே பகுதியில் அச்சிடுவோம்.