சிறு வண்டி, நெடு வழி

கிளிநொச்சி இளைஞர் ஒருவர், சீனத் தயாரிப்பான சிறு மோட்டார் சைக்கிளிற் கடல் கடந்த நாடுகளைச் சுற்றிவர விரும்பி, எவ்வாறு ஆயத்தஞ் செய்யலாமென நம்மை வினவினார். நகைத்துத் தள்ளத்தக்க வினா அன்று.

சீனச் சிறு வண்டிகள் பலவற்றின் எஞ்சின், 1976-இல் ஹொண்டா வெளியிட்ட ‘சீ.ஜீ. 125’ வண்டியினதைத் தழுவியது. பராமரிப்புக் குறைந்த இடங்களிலும் நின்று உழைக்கவென்றே, வால்வுகளைச் சங்கிலிக்குப் பதிலாகத் தண்டுகளால் இயக்குமாறு அதனை வகுத்தனர். ஆகவே எஞ்சினை ஓரளவு நம்பலாம். தளரும் நட்டுகளையும், தரங்குறைந்த சங்கிலி, டயர்களையும் நம்பலாகாது. அவற்றை மாற்றி, உள்ளூரிலே நெடுந்தூரம் ஓடிப் பார்த்த பின்னரே புறப்படுக. சர்வதேசச் சாரதி அனுமதிப்பத்திரமும், பல நாடுகளிற் சுங்கத்தார் கேட்கும் ‘கார்னே’ பத்திரமும் கைவசம் வேண்டும்.

எஞ்சிய பாடத்தை வன்னியே கற்பிக்கும். 1990-களிற் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதானபோது, சில துளி பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓடினர் நம்மவர். கரி படிந்த பிளக்கைக் கழற்றித் துடைக்கவும் பழகினர். 2009-இல் அவ்வண்டிகளிற் பல வழியிலேயே கைவிடப்பட்டன. உயிர்காக்க ஓடிய அதே மண்ணிலிருந்து, இன்று உலகைக் காண ஒருவர் புறப்படுகிறார்.

சென்று வருக, தம்பி. பிளக்குக் கழற்றும் சாவியை மறவாதீர்.