தோட்டாவும் மணிக்கட்டும்

தளேகாவிலிருந்து புனே செல்லும் மின்ரயில் வெடிபொருட்களின் ஊர்களைத் தொட்டுச் செல்கின்றது. தேஹு ரோட்டில் ராணுவத்தின் வெடிபொருட்கிடங்கு உள்ளது. கட்கியில் 1869-இல் நிறுவப்பெற்ற வெடிபொருள் தொழிற்சாலை உள்ளது. ‘கே.எஃப்.’ முத்திரையுடன் நம் நாட்டில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் ரிவால்வர் தோட்டாக்கள் கட்கியில் பிறந்தவையே. எழுத்துப் பணிக்காக இப்பாதையில் போய்வரும் எனக்கு, அத்தோட்டாக்களைப் பற்றிய ஒரு கருத்தை ஆசிரியர்கள் முன்னும் களப்பணியாளர்கள் முன்னும் வைக்க வேண்டுமென்று தோன்றுகின்றது.

கைத்துப்பாக்கிக்குத் தோட்டா தேர்பவர், குண்டின் ஆற்றல் எவ்வளவு என்றே முதலில் வினவுகின்றனர். இது பிழையான தொடக்கம் என்பேன். குண்டின் உந்தம் எவ்வளவு, அதனைச் சுடும் ஆயுதத்தின் எடை எவ்வளவு என்பனவே முதல் வினாக்களாதல் வேண்டும். ஏனெனில் ஆயுதம் பெறுவது குண்டின் ஆற்றலையன்று, அதன் உந்தத்தையே. முன்னோக்கிச் செல்லும் குண்டிற்கும் வெடிவாயுக்களுக்கும் உள்ள உந்தம் முழுவதும் எதிர்த்திசையில் கைக்கு வந்து சேருகின்றது. இதனைப் பாடநூல்கள் பின்னியக்கம் என்னும். துப்பாக்கி பிடித்தவர் உதைப்பு என்பர். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் என் வாக்கு இரண்டாவதற்கே. குழல் கைப்பிடிக்கு மேலே அமைந்திருப்பதால், இவ்வுதைப்பு ஆயுதத்தை மணிக்கட்டைச் சுற்றித் திருப்பவும் செய்கின்றது, குழல்வாய் மேலெழுகின்றது. அது மீண்டும் இலக்கிற்கு இறங்கும்வரை அடுத்த குண்டு பயனற்றது.

வகுப்பறைக் கணக்குகளில் 4 கிலோகிராம் துப்பாக்கி, 50 கிராம் குண்டை நொடிக்கு 35 மீட்டர் வேகத்தில் எறிவதாகக் கண்டிருப்பீர்கள். மெய்யான ரைபிள் குண்டு ஏறக்குறைய 10 கிராம் எடையும், நொடிக்கு 800 மீட்டர் அளவு வேகமும் உடையது. பாடநூற்கணக்கின் உதைப்பு மெய்யான உதைப்பில் கால்பங்கும் இல்லை!

ஒரே ஆற்றலுடைய இரு குண்டுகளுள் எடை குறைந்ததற்கே உந்தமும் குறைவு. எடை 9-க்கு 4 என்றால் உந்தம் 3-க்கு 2. ஆயினும் வேகத்தைக் கூட்ட மருந்தைக் கூட்டினால் வாயுக்களின் உந்தமும் கூடுமாதலின், கிடைக்கும் இலாபம் கணக்கு காட்டுவதினும் சற்றுக் குறைவே.

இதனைப் பட்டறிந்தவர்கள் பலர். முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டிஷ் ராணுவம், 0.455 அங்குல வெப்ளி ரிவால்வர் குறுகிய காலப் பயிற்சி பெற்ற வீரனுக்கு மிகையென்று கண்டு, 1930-களின் தொடக்கத்தில் 0.38 அங்குலத்திற்கு மாறியது. குண்டின் எடை சுமார் 17 கிராமிலிருந்து 13 கிராமாயிற்று. வேகம் பெரிதும் மாறாமையால் உந்தம் ஏறத்தாழக் கால்பங்கு குறைந்தது. ஆனால் ரிவால்வரின் எடையும் அதே அளவிலோ சற்று மிகையாகவோ குறைக்கப்பட்டதால், அது பின்னோக்கி வரும் வேகம் குறையவில்லை. கை தாங்க வேண்டிய ஆற்றல் மட்டுமே குறைந்தது. கிடைத்த இலாபத்தில் ஒரு பகுதியை இலேசான ஆயுதம் உண்டுவிட்டது.

சிறிய தோட்டா எதிரியை நிறுத்தாது என்னும் மறுப்பு அன்றும் எழுந்தது. அதனை எளிதில் தள்ளிவிட இயலாது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 1986-இல் மயாமி நகரில் நிகழ்ந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பின் இம்மறுப்பை ஏற்று, வலிமை மிக்க 10 மில்லிமீட்டர் தோட்டாவை நாடியது. உதைப்பு மிகுதியாயிருக்கவே, வேகம் குறைத்த தோட்டாவைச் செய்வித்தனர். அதன் வழியில் 1990-இல் 0.40 அங்குலத் தோட்டா பிறந்தது. இறுதியில், கடந்த பத்தாண்டில் 9 மில்லிமீட்டருக்கே மீண்டனர். அதனைக் கொண்டு பெரும்பாலோர் விரைவாகவும் குறிதவறாமலும் சுடுகின்றனர் என்பது அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று. குறிதவறிய பெரிய குண்டு யாரையும் நிறுத்துவதில்லையன்றோ?

விளையாட்டிலும் இதுவே கதை. 25 மீட்டர் விரைவுச் சுடுதலில் 4 நொடிக்குள் ஐந்து இலக்குகளைச் சுட வேண்டும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் வரை இதற்கு வீரர்கள் தேர்ந்தது, 2 கிராமிற்கும் குறைந்த குண்டுடைய 0.22 குட்டைத் தோட்டா. பின்னர் விதி மாறிற்று. சற்று வலிய நீள்தோட்டா கட்டாயமாயிற்று. 2012 லண்டனில் நம் விஜய் குமார் வெள்ளி வென்றது அதனைக் கொண்டே.

இனி நம் நாட்டுச் செய்தி. 2012 டெல்லிக் கொடுமைக்குப் பின், பெண்களின் தற்காப்பிற்கென 2014-இல் கான்பூரில் ‘நிர்பீக்’ என்னும் 0.32 அங்குல ரிவால்வர் வெளியாயிற்று. எடை சுமார் 500 கிராம். முன்பிருந்த 0.32 ரிவால்வரோ சுமார் 700 கிராம். தோட்டா இரண்டிற்கும் ஒன்றே. ஆகவே உதைப்பின் ஆற்றல் 7-க்கு 5 என்னும் விகிதத்தில், அதாவது ஐந்தில் இரண்டு பங்கு, கூடுகின்றது. பையின் சுமை நாள்தோறும் உணரப்படுவது. உதைப்பு சுடும் நாளில் மட்டுமே. வாங்குவோர் இலேசானதை விரும்புவதில் வியப்பில்லை. எனினும் மெலிந்த கைக்கென ஆயுதத்தை இலேசாக்குவோர், அக்கைக்கேற்ப மென்மையான தோட்டாவையும் உடன் அளித்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. அதனைச் சுடுபவர் வீட்டில் மருந்தளந்து செய்துகொள்ள இயலாது, செய்தலும் ஆபத்து. தொழிற்சாலைதான் செய்து தர வேண்டும். அதுவரை, இன்ன எடையுள்ள ரிவால்வரில் உதைப்பு இவ்வளவு என்று தோட்டாப்பெட்டியின் மீது ஒரு வரியேனும் அச்சிடலாம்.