ஒன்பதாம் மாதத்தில் பூஞ்சேரி

"பிள்ளை எங்க ஓடிடப் போவுது? மேட்ச் முடிஞ்சு வந்து பாத்துக்கிட்டா போச்சு. நாட்டுக்கு ஆடுறவன் நாட்டைத்தானே முதல்ல பாக்கணும்?"

2020 டிசம்பரில் விராட் கோலி ஒரே ஒரு டெஸ்ட் ஆடிவிட்டு, மனைவியின் பிரசவத்துக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து ஊர் திரும்பினார். அப்போது செங்கல்பட்டு டீக்கடையில் தொடங்கித் தொலைக்காட்சி விவாதம் வரை ஓடிய வாதம் இது. 2024 நவம்பரில் ரோகித் சர்மா அதே காரணத்துக்காகப் பெர்த் டெஸ்டுக்கு வராதபோது அதையே தூசு தட்டி எடுத்தார்கள். வாதத்துக்கு மூன்று சாட்சிகளும் உண்டு. 2015 பிப்ரவரியில் மகள் பிறந்தபோது ஆஸ்திரேலியாவிலேயே இருந்துவிட்ட தோனி. மகள் பிறந்த கையோடு வீட்டுக்கு வராமல் விமானம் ஏறிய சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன். ஒன்பது மாத வயிற்றோடு மாமல்லபுரத்தில் சதுரங்கம் ஆடிய ஹரிகா துரோணவல்லி.

மூன்றாவது சாட்சியைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் சுமார் 30 கிலோமீட்டரில், மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் நடந்த கதை அது.

44வது செஸ் ஒலிம்பியாட் ரஷ்யாவில் நடந்திருக்க வேண்டியது. உக்ரைன் போரால் இடம் மாறி, 2022 ஜூலை இறுதியில் மாமல்லபுரத்துக்கு வந்து சேர்ந்தது. போட்டியின் சின்னமான, வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' சாலையெங்கும் கைகூப்பி நின்ற நாட்கள். அரங்கில் பிற்பகல் 3 மணிக்கு ஆட்டம் தொடங்கும். முதல் 40 நகர்த்தலுக்கு ஒன்றரை மணி நேரம், அதன்பின் அரை மணி நேரம், இதுபோக ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூடுதல். இது ஒருவருக்கான கணக்கு. எதிரில் இருப்பவருக்கும் அதே அளவு உண்டு. இழுத்துக்கொண்டு போகும் ஆட்டம் முடியப் பொழுது சாய்ந்துவிடும். ஒன்பதாம் மாதத்தில் அரை மணி நேரம் ஒரே நாற்காலியில் உட்காருவது எப்படி இருக்கும் என்று வீட்டுப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இந்திய மகளிர் 'ஏ' அணி வெண்கலம் வென்றது. 13 வயதில் ஒலிம்பியாடுக்குள் நுழைந்த ஹரிகா, 18 ஆண்டு காத்திருந்து பெற்ற பதக்கம். சில வாரங்களில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது.

'பார், பிள்ளையைவிட நாடு பெரிது என்று காட்டிவிட்டாள்' என்று இதற்கு உரை எழுதுகிறார்கள். அவர் அப்படி எதையும் காட்டவில்லை. எல்லாம் தொடங்கியது மருத்துவரிடம். உடம்பில் சிக்கல் இல்லாவிட்டால் ஆடலாம் என்று அவர் சொன்ன பிறகுதான் மற்றதெல்லாம். ஹரிகா தள்ளிப்போட்டது சீமந்தத்தையும் விருந்துகளையும். அதைப் பதக்கம் வென்ற பிறகு அவரே எழுதியிருக்கிறார். பிரசவத்தை யாரும் தள்ளிப்போடவில்லை, போடவும் முடியாது. போட்டி வெளிநாட்டில் நடந்திருந்தால், அந்த மாதத்தில் விமானம் ஏறுவது பற்றி மருத்துவர் என்ன சொல்லியிருப்பார் என்பதை ஊகிக்க அதிக மூளை வேண்டாம்.

இன்னொன்றையும் பேச மறந்துவிடுகிறார்கள். ஒலிம்பியாடில் அணிக்கு ஐந்து பேர். ஒரு சுற்றில் ஆடுவது நால்வர். ஒருவர் எப்போதும் ஓய்வில் இருக்கலாம் என்பது விதியிலேயே இருக்கிறது. ஹம்பி, வைஷாலி, தானியா, பக்தி என்று நான்கு தோள்கள் பக்கத்தில் இருந்ததால்தான் ஹரிகாவால் சுற்றுகளைப் பார்த்துப் பார்த்து ஆட முடிந்தது. மருத்துவர், சொந்த நாடு, மாற்று ஆள் ஆகிய மூன்றும் கூடிவந்தபோது, போட்டியா பிள்ளையா என்ற கேள்வியே எழவில்லை. ஆக, இந்தச் சாட்சி வாதிக்கு எதிராகத்தான் பேசுகிறது.

"இல்லாதவனால அணி தோத்துப்போவுமே" என்பது அடுத்த பேச்சு. கோலி கிளம்பும்போது இந்தியா இருந்த நிலைமையை நினைத்துப் பார்க்கலாம்: அடிலெய்டில் 36 ரன்னுக்குச் சுருண்டிருந்தது. ரஹானே தலைமையில் அதே அணி தொடரை 2-1 என்று வென்றது. 1988க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்றே அறியாத பிரிஸ்பேன் காபா மைதானம் 2021 ஜனவரியில் விழுந்தது. ரோகித் இல்லாத பெர்த்தில் பும்ரா தலைமையில் 295 ரன் வித்தியாசத்தில் வெற்றி. ரோகித் திரும்பி வந்த அடிலெய்டில் தோல்வி! 2024 தொடக்கத்தில், மகன் பிறந்த சமயத்தில், இங்கிலாந்துக்கு எதிரான ஐந்து டெஸ்டுக்கும் கோலி இல்லை, இந்தியா 4-1.

எதிர்த்தரப்பு புத்திசாலியாக இருந்தால் இங்கே ஒரு கேள்வி கேட்கும். பூஞ்சேரியில் கடைசிச் சுற்றுவரை இந்தியப் பெண்கள்தான் முன்னிலை. அமெரிக்காவுடன் 1-3 என்று தோற்றதால் தங்கம் உக்ரைனுக்கும் வெள்ளி ஜார்ஜியாவுக்கும் போனது. அந்தச் சுற்றில் ஹரிகா பலகையில் இல்லை. அப்படியானால் இழப்புதானே? இருக்கலாம். மூத்த ஆட்டக்காரர் ஒருவர் உட்கார்ந்தால் சில நாள் அணி விலை கொடுக்கும். காயம் பட்டாலும் இதே விலைதான். தொடைத்தசை பிடித்துக்கொண்டது என்று உட்கார்ந்தவரை யாரும் தேசத் துரோகி என்று சொல்வதில்லை. கைநழுவிய தங்கம் திரும்பியும் வந்தது. 2024 செப்டம்பரில் புடாபெஸ்டில் இந்திய மகளிர் அணி முதன்முறையாக ஒலிம்பியாட் தங்கம் வென்றது. கடைசிச் சுற்றில் அஜர்பைஜானுக்கு எதிராக முதல் பலகையில் ஆடி வென்றவர் இரண்டு வயதுக் குழந்தையின் தாயான ஹரிகா. 'பிள்ளை பெத்தா ஆட்டம் போச்சு' என்ற பழைய பல்லவிக்கும் இதுவே பதில். போதாதென்றால், 2017இல் தாயான கொனேரு ஹம்பி 2019இலும் 2024இலும் உலக ரேபிட் பட்டம் வென்றதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

"சரி, பொம்பளைக்கு ஒப்புக்கலாம். பிரசவத்துல ஆம்பளைக்கு என்னய்யா வேலை?" தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கத்தில் ஊறிய கேள்வி இது. மருத்துவச்சி வீட்டுக்கு வந்த காலத்தில் அப்பன்காரன் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். இன்று தமிழகத்தில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நூற்றில் ஏறக்குறைய 45 சிசேரியன். எந்த அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டு வாசலிலும் அவர்களைப் பார்க்கலாம்: ஒரு கையில் வயர் கூடை, அதில் ஃபிளாஸ்க், துவைத்து மடித்த பழைய நூல்புடவைத் துண்டுகள், இன்னொரு கையில் ஸ்கேன் ரிப்போர்ட். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து ஓட வேண்டும். கையெழுத்துப் போட, மருந்து வாங்க, ரத்தம் கொடுக்க ஆள் தேடப் போக. வேலை இல்லை என்று அவர்களிடம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

இனி நடராஜன். 2020 நவம்பரில் ஐபிஎல் கடைசிக் கட்டத்தில் மகள் பிறந்தாள். கொரோனாக் காலம், ஒருமுறை வெளியே போனால் மறுபடி உள்ளே வரத் தனிமைப்படுத்தல். அவர் ஆஸ்திரேலியாவுக்கு முதலில் தேர்வானதோ வலைப்பயிற்சியில் பந்து வீச. அங்கே ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் ஒரே பயணத்தில் அறிமுகமாகி, ஜனவரியில் ஊர் திரும்பியபோது சின்னப்பம்பட்டி அவரைச் சாரட்டில் ஏற்றி ஊர்வலம் விட்டது. மகளைப் பார்த்தது அதற்குப் பிறகுதான். இதைத் தியாகம் என்று கொண்டாடுவோர், 'போகிறேன்' என்று கேட்கும் தெம்பு ஒரு வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளருக்கு இருந்ததா என்று யோசிப்பதில்லை. கேப்டனுக்கு ஒரு விதி, நடராஜனுக்கு ஒரு விதியா என்று அப்போதே எழுதியவர் சுனில் கவாஸ்கர். அவர் மகன் ரோகன் பிறந்ததும் 1976இல் அவர் வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தபோதுதான்.

தோனியைப் பொறுத்தவரை விஷயம் சுருக்கம். அவர் கேப்டன், போக நினைத்திருந்தால் தடுத்திருப்பார் யாருமில்லை. இருந்துவிட்டது அவருடைய முடிவு, மதிக்கலாம். அந்த முடிவையே அளவுகோலாக்கி அடுத்தவன் முதுகில் அடிப்பதுதான் தவறு.

அமெரிக்க பேஸ்பால் லீக் 2011இலேயே தந்தையாகும் வீரருக்கு மூன்று நாள் வரை விடுப்பை விதியாக எழுதிவிட்டது. அந்த நாட்களுக்கு மாற்று ஆளையும் அணி எடுத்துக்கொள்ளலாம். மத்திய அரசு ஊழியருக்கு இங்கே 15 நாள் உண்டு. கிரிக்கெட் வாரியமும் ஐபிஎல் அணிகளும் ஒப்பந்தத்தில் இதற்கென ஒரு வரி சேர்க்கட்டும். அது கேப்டனுக்கு மட்டுமல்ல, வலைப்பயிற்சியில் பந்து வீசப் போகிறவனுக்கும் பொருந்தட்டும்.