இசட் புள்ளி ரியூசன் கொட்டகையில் விளைவதில்லை

உயர்தரம் படிக்கும் பிள்ளை இருக்கிற வீடுகளில் இன்று ஒரு கொள்கை வேதவாக்காகிவிட்டது: பள்ளிக்கூடம் வரவு வைக்க, ரியூசன் சோதனை எடுக்க. ஒரே பாடத்துக்கு ஓர் ஆசிரியரிடம் தியறி, இன்னொருவரிடம் பேப்பர் கிளாஸ், சோதனை நெருங்க மூன்றாமவரிடம் றிவிசன் என்று பிள்ளைகள் விடிய முதல் சைக்கிள் எடுத்து ஓடுகிறார்கள். எவ்வளவு வகுப்போ அவ்வளவு இசட் புள்ளி என்று யாழ்ப்பாணத்துப் பெற்றோரும் நம்புகிறார்கள், மட்டக்களப்புப் பெற்றோரும் நம்புகிறார்கள், கண்டியில் சிங்களப் பெற்றோரும் அப்படியே நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை பிழையானது. அது பிள்ளைகளைக் கெடுக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இசட் புள்ளி எப்படிக் கணிக்கப்படுகிறது என்று பெற்றோரிடம் கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. பல்கலைக்கழக அனுமதிக்கு 2001 முதல் இதுதான் அளவுகோல். ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லோரினதும் சராசரியைக் கழித்து, வருவதை நியம விலகலால் வகுக்கிறார்கள். மூன்று பாடங்களுக்கும் இப்படி எடுத்துச் சராசரி காண்கிறார்கள். அவ்வளவுதான்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பாடத்தின் சராசரி 45, நியம விலகல் 15 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பிள்ளை 75 எடுத்தால் இசட் புள்ளி 2. அடுத்த முறை எல்லாப் பிள்ளைகளும் ரியூசனுக்குப் போய் எல்லோருக்கும் பத்துப் புள்ளி கூடுகிறது. சராசரி 55 ஆகிறது, உங்கள் பிள்ளை 85 எடுக்கிறது. இசட் புள்ளி? அதே 2. பத்துப் புள்ளிக்காகக் கொடுத்த காசும் போன நித்திரையும் வெட்டுப்புள்ளியை நோக்கிப் பிள்ளையை ஓர் அடிகூட நகர்த்தவில்லை. தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழகங்களில் இடம் இருக்கிறது. ஊரில் இன்னும் நூறு ரியூட்டரி திறந்தாலும் மருத்துவ பீடத்தில் ஒரு கதிரையும் கூடப்போவதில்லை.

"எல்லோரும் போகும்போது என்ர பிள்ளை மட்டும் போகாவிட்டால் பின்னுக்கு நிற்காதோ?" என்று தாய்மார் கேட்பார்கள். அந்தப் பயம் உண்மையானது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் எல்லோரும் ஒரே கொட்டகையில் இருந்து, ஒரே மைக்கில் கேட்டு, ஒரே ரியூட்டை நிரப்பிக்கொண்டு வரும்போது, அவர்களுக்குள் ஒருவரை முன்னுக்குக் கொண்டுவருவது எது? அந்தக் கொட்டகைக்கு வெளியே அந்தப் பிள்ளை தனியே செய்வதுதான். அதற்குரிய நேரத்தைத்தான் நாலாவது, ஐந்தாவது வகுப்பு தின்றுவிடுகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையின் பௌதிகவியல் ரியூட்டைப் புரட்டிப் பார்த்தேன். அழகான கையெழுத்து, சிவப்புப் பேனையால் அடிக்கோடு, ஒவ்வொரு அமைப்புக் கட்டுரை வினாவுக்கும் முழு விடை. அதில் ஒரு வினாவை, எண்களை மட்டும் மாற்றி, வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தேன். முதல் வரியிலேயே பேனை நின்றுவிட்டது. "இது சேர் செய்து காட்டினவர்" என்றாள். சேர் செய்து காட்டியது உண்மை. அவள் ஒருமுறையும் செய்து பார்க்கவில்லை, நேரம் இருக்கவில்லை. அந்த ரியூட்டில் இருந்த விடைகள் எல்லாம் கரும்பலகையிலிருந்து இறங்கியவை. கெட்டிக்காரப் பிள்ளை அவள். குற்றம் அவளுடையது அல்ல.

சராசரி என்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. மூன்று பாடங்களில் 2.0, 1.8, 0.4 என்று நிற்கும் பிள்ளையின் இசட் புள்ளி 1.4. நன்றாக ஓடுகிற பாடத்தில் இன்னும் பிரபலமான சேரிடம் போனால், கடும் உழைப்பில் ஆறு புள்ளி கூடலாம். நியம விலகல் 15 என்றால், மொத்தத்தில் அது 0.13 மட்டுமே. விழுந்து கிடக்கும் மூன்றாவது பாடத்தை 0.4 இலிருந்து 1.3 க்குக் கொண்டுவந்தால் மொத்தம் 1.7 ஆகிவிடும். வெட்டுப்புள்ளிகள் தசமத்துக்குப் பின் நாலு இலக்கம் வரை போகிற நாட்டில் 0.3 என்பது பீடத்தையே மாற்றும் தூரம். ஆனாலும் பிள்ளைகள் தமக்குப் பிடித்த பாடத்துக்கு மூன்று வகுப்பும், பயந்த பாடத்துக்கு ஒரு வகுப்பும் போகிறார்கள். எந்தப் பாடத்தில், எந்த அலகில் புள்ளி சிந்துகிறது என்று நூற்றுக்கணக்கானோர் இருக்கும் கொட்டகையில் யார் பார்ப்பது?

பார்ப்பதற்கு வழி இல்லாமல் இல்லை. பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகளில் எந்த வினாவுக்குப் பிள்ளைகள் எப்படி விடையளித்தார்கள், எங்கே தவறினார்கள், எந்தப் படிக்கு எத்தனை புள்ளி என்பதெல்லாம் இருக்கின்றன. கடிகாரத்தை வைத்து மூன்று மணித்தியாலம் ஒரு வினாத்தாள் எழுதி, புள்ளியிடும் திட்டத்தைத் திறந்து, தன் விடையைத் தானே இரக்கமில்லாமல் திருத்தும் பிள்ளை ஒரு கிழமையில் கற்பதை எந்த றிவிசன் வகுப்பும் கொடுக்காது. தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூல்களும் ஆசிரியர் வழிகாட்டிகளும் இருக்கின்றன. இவற்றைக் கையில் எடுத்தே பார்க்காமல் கம்பஸ் போக ஆசைப்படுகிற பிள்ளைகள் எத்தனை பேர்!

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். பரீட்சைக்குத் தோற்ற 80 சதவீத வரவு வேண்டும் என்பது விதி. நடைமுறையில் சோதனைக்குச் சில மாதங்கள் இருக்கும்போதே உயர்தர வகுப்பறைகள் வெறிச்சோடிவிடுகின்றன. இதில் முதலில் இழப்பது ஆய்வுகூடத்தை. பௌதிகவியல் அமைப்புக் கட்டுரையில் செய்முறையை வைத்தே கேட்கிறார்கள். திருகுக் கணிச்சியின் பூச்சிய வழுவை ஒருமுறை தன் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு அதைக் கூட்டுவதா கழிப்பதா என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நகரும் நுணுக்குக்காட்டியையும் அழுத்தமானியையும் படத்தில் மட்டும் கண்ட பிள்ளை அந்தக் கேள்வியில் தடுமாறும். எந்த ரியூசன் கொட்டகையில் ஆய்வுகூடம் இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, பூட்டியபடி.

"பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார்கள் இல்லையே" என்ற முறைப்பாட்டில் நியாயம் உண்டு. பகலில் வகுப்பில் பாதியில் நிறுத்துவதைப் பின்னேரம் காசுக்கு முடித்துக்கொடுக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அரச சம்பளம் வாங்கிக்கொண்டு தன் மாணவரையே தன் வாடிக்கையாளராக்குவது அநியாயம். மென்மையான சொல் அதற்கு இல்லை. அதைவிடக் கொடுமை, ஆசிரியரே இல்லாத இடங்கள். வன்னியிலும் மலையகத்திலும் விஞ்ஞான, கணித பாடங்களுக்கு ஆள் இல்லாமல் பிள்ளைகள் விரும்பாத துறைக்குப் போகிறார்கள். அங்கே ஒரு பிள்ளை ரியூசனை நாடினால் ஒருபோதும் குறை சொல்லமாட்டேன். ஆனால் நகரத்துப் பெற்றோர் தம் செல்வாக்கையும் காசையும் ரியூட்டரி வாசலில் கொட்டிவிட்டதால், பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் இல்லை என்று வலயக் கல்விப் பணிமனையில் குரல் எழுப்ப ஆள் இல்லாமல் போனது. கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா 1945 இல் கொண்டுவந்த இலவசக் கல்வி சட்டத்தில் இன்னும் இருக்கிறது. மாதக் கட்டணம் கட்ட வழியில்லாத தகப்பனுக்கு அது எங்கே இருக்கிறது?

பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் இருந்த காலத்தில் புள்ளி இருந்தும் இடம் இழந்த தலைமுறை நமது. பரீட்சை என்றால் நாம் பதறுவது அந்தக் காயத்தால்தான் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பதற்றத்தைப் பிள்ளையின் நித்திரையிலிருந்து வசூலிக்க நமக்கு உரிமை இல்லை. 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்டம், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்ற இன்றைய ஒதுக்கீட்டில் ஒரு பிள்ளை பெரும்பாலும் போட்டியிடுவது தன் மாவட்டத்துப் பிள்ளைகளோடு, அதாவது அதே கொட்டகையில் பக்கத்து வாங்கில் இருப்பவரோடு.

ஆகவே ஒரு பாடத்துக்கு ஒரு வகுப்புக்கு மேல் வேண்டாம் என்று இந்த மாதமே முடிவெடுங்கள். மிஞ்சும் நேரத்தில் பிள்ளை தனியே இருந்து எழுதட்டும், திருத்தட்டும், நித்திரை கொள்ளட்டும். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். போய், கடந்த தவணையில் உயர்தர மாணவருக்காக ஆய்வுகூடம் எத்தனை நாள் திறந்தது, எந்தெந்தச் செய்முறைகள் நடந்தன, பாடவிதானத்தில் எந்த அலகு மிச்சம் என்று அதிபரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் நாலு பெற்றோராகச் சேர்ந்து அதே கேள்வியோடு வலயப் பணிமனைக்குப் போங்கள்.