ஆதமியும் அம்மம்மாவும்

அம்மம்மா சொன்ன "ஏலாது பிள்ளை" என்பதை ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியில் எழுதினேன். "இயலாது" என்று மாற்றித் தந்தது. பிழை திருத்தினதாம்!

1984இல் கனடாவில் இருந்த கலாநிதி ஸ்ரீநிவாசன், பெரிய நிறுவனங்கள் தமிழைக் கொண்டுவரும் என்று காத்திருக்கவில்லை. 'ஆதமி' மென்பொருளைத் தானே எழுதினார். டொஸ் கணினியில் தமிழ் வந்தது.

இன்றைய மொழி மாதிரிகளை அவர் எப்படி அணுகியிருப்பார்? குறை சொல்லிக்கொண்டு இருந்திருக்க மாட்டார். "படிக்க நாங்கள் என்ன கொடுத்தோம்?" என்றுதான் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

இந்த மாதிரிகளுக்கு அடித்தளமான 'கவனம்' என்ற உத்தியை 2014இல் வெளியிட்டது எங்கட மொன்றியலில் இருக்கும் யோசுவா பெஞ்சியோவின் குழுதான். ஆனால் எழுத்திலிருந்து மட்டும் கற்கும் மாதிரியால் எழுதாத பேச்சைப் படிக்க முடியாது.

அதனால் ஞாயிறுகளில், அம்மம்மா கதைப்பதை அவவிடம் கேட்டே, அப்படியே தட்டச்சு செய்கிறேன். நீங்கள்?