விடை தெரிந்த கணக்கு

கணக்குப்பதிவியல் பயிலும் நம் தோழியர் பலருக்கு ஒரு பழக்கம் உண்டு. வினாவை முழுதும் படிக்குமுன் புத்தகத்தின் கடைசியிலுள்ள விடையைப் பார்த்துவிடுவார்கள். பிறகு அந்தத் தொகை வரும்வரை எண்களை அங்குமிங்கும் மாற்றுவார்கள். எஞ்சிய வேறுபாட்டை அனாமத்துக் கணக்கில் போட்டால் இருப்பாய்வு சமமாகிவிடும்! இதைக் கணக்குப் போடுவது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரு பக்கமும் சமமானால் கணக்கு சரி என்ற எண்ணமே தவறு. தையற்கடைக்காரர் ஒருவர் 5,000 ரூபாய்க்குத் தையல் இயந்திரம் வாங்குகிறார். அதைத் துணி வாங்கியதுபோல் கொள்முதல் கணக்கில் பற்று எழுதிவிடுகிறார். ரொக்கக் கணக்கில் வரவும் 5,000. இருப்பாய்வு இம்மியும் பிசகாது. ஆனால் அவ்வாண்டின் மொத்த இலாபம் 5,000 ரூபாய் குறைந்து நிற்கும். கடையில் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரமோ இருப்புநிலைக் குறிப்பில் இராது. அதைப் பார்த்துக் கடன் கொடுக்க வருபவர் என்ன நினைப்பார்?

வெனிஸ் நகரில் 1494இல் இரட்டைப் பதிவு முறையை விளக்கி நூல் வெளியிட்ட லூக்கா பசியோலி ஒரு பிரான்சிஸ்கன் துறவி. (நம் அருட்சகோதரியர் மகிழலாம்!) முறை அவர் கண்டுபிடித்ததன்று, வணிகர் வழக்கத்தையே அவர் எழுதினார். தம் உடைமைகளையெல்லாம் முதலில் பட்டியலிடும்படி அவர் வணிகரிடம் சொல்கிறார். குறிப்பேடும் பேரேடும் அதற்குப் பிறகுதான்.

நாமும் அப்படியே தொடங்கலாம். வந்த பொருள் எது, விற்பதற்கா, வைத்துக்கொள்வதற்கா என்று கேட்டபின் பேனாவை எடுக்கலாம். சற்று நேரம் கூடுதலாகும். அதுவரை விடைப் பக்கங்களை ஊசிநூல் கொண்டு தைத்துவிடலாம். தையல் வகுப்பில் கற்றது உதவும்.