வாடகை ஒப்பந்தத்தில் ஒருவர் பெயர் போதுமா? மனைவி, பெற்றோர் பெயரையும் ஏன் சேர்க்க வேண்டும்?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு... எந்த ஏரியாவில் வீடு தேடினாலும் ஹவுஸ் ஓனர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "மொத்தம் எத்தனை பேர் இருக்கப் போறீங்க?" என்பது. ஆனால், ஒப்பந்தம் தயாராகும்போது பெரும்பாலும் அதில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். சம்பளம் வாங்குபவர், அட்வான்ஸ் கொடுத்தவர் பெயர் மட்டும். மனைவி, ஓய்வுபெற்ற அப்பா, வேலை தேடும் தம்பி எல்லாரும் 'குடும்பத்தினர்' என்ற ஒற்றை வார்த்தைக்குள் அடங்கிவிடுவார்கள்.

எல்லாம் சுமுகமாகப் போகும்வரை இது யாருக்கும் உறுத்தாது. கையெழுத்துப் போட்டவர் திடீரென இறந்துவிட்டால்? வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டால்? குடும்பத்தைவிட்டுப் பிரிந்துவிட்டால்? அப்போதுதான் அந்த ஒற்றைப் பெயர் சிக்கலாகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரரின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் 2017-ம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்துபூர்வமாக இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். '11 மாசம்தானே, பதிவெல்லாம் வேண்டாம்' என்ற பழைய கணக்கு இங்கே செல்லாது.

ஆனால், வீட்டில் இருக்கும் எல்லாப் பெரியவர்களும் கையெழுத்துப் போட வேண்டும் என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. ஒப்பந்தம் என்பது உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் இடையிலானது. அந்த 'வாடகைதாரர்' ஒருவரா, இருவரா என்பதை இரு தரப்பும் பேசி முடிவு செய்யலாம்.

பெயர் போடுவதில் இரண்டு வகை

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். ஒருவரை வாடகைதாரராகச் சேர்ப்பது வேறு. உடன் வசிப்பவர் என்று பெயரைக் குறிப்பிடுவது வேறு.

இணை வாடகைதாரராகக் கையெழுத்துப் போட்டால் உரிமையோடு பொறுப்பும் வரும். 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி, கூட்டாக வாக்குறுதி கொடுத்தவர்களில் யார் ஒருவரிடமும் முழுத் தொகையையும் கேட்கலாம். அதாவது, அண்ணன் வாடகை பாக்கி வைத்தால், கூடவே கையெழுத்துப் போட்ட தங்கையிடம் ஓனர் மொத்தப் பாக்கியையும் கேட்க முடியும்.

உடன் வசிப்பவர் என்று பெயர், வயது, உறவுமுறை மட்டும் குறிப்பிட்டால் இந்தக் கடன் சுமை வராது. ஆனால், 'இவர் ஓனருக்குத் தெரிந்தேதான் இங்கு வசிக்கிறார்' என்பதற்கு ஆதாரம் கிடைத்துவிடும்.

ஓனர்கள் ஏன் தயங்குகிறார்கள்?

'பெயர் போட்டா நாளைக்கு உரிமை கேப்பாங்க' என்ற பயம் சும்மா வந்ததல்ல. இதற்கு முன்பிருந்த 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், வாடகைதாரர் இறந்தால் அவருடன் கடைசிவரை வசித்த கணவன் அல்லது மனைவி, மகன், மகள் ஆகியோரும் 'வாடகைதாரர்' என்ற வரையறைக்குள் வந்தார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்பதற்காக மட்டும் அவர்களை வெளியேற்ற முடியாது. அந்த நினைவு பழைய ஓனர்களிடம் இன்னும் இருக்கிறது.

இப்போது நிலைமை அப்படியில்லை. வாடகைதாரர் இறந்தால், வாரிசுகளுக்கு அந்த உரிமை ஒப்பந்தத்தில் மீதமிருக்கும் காலத்துக்கு மட்டுமே போகும். 11 மாத ஒப்பந்தத்தில் 9 மாதம் முடிந்திருந்தால், மீதி 2 மாதம்தான். பெயரைச் சேர்ப்பதால் அந்தக் காலக்கெடு நீளாது. யார் யார் வசிக்கிறார்கள் என்பது முன்பே எழுத்தில் இருப்பது ஓனருக்கும் பாதுகாப்புதான்.

எங்கே சிக்கல் வரும்?

முதலாவது, அட்வான்ஸ். 2017 சட்டம் 3 மாத வாடகையை வரம்பாகச் சொன்னாலும், இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ள இடம் இருப்பதால் பெரிய தொகை கைமாறுவது தொடர்கிறது. கையெழுத்துப் போட்ட கணவர் இறந்துவிட்டால், 'வாரிசுச் சான்றிதழ் கொண்டு வாங்க' என்று ஓனர் கேட்கலாம். அதற்கு தாசில்தார் அலுவலகம் வரை அலைய வேண்டும். மனைவியும் இணை வாடகைதாரராக இருந்து, அட்வான்ஸை யாரிடம் திருப்பித் தர வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருந்தால் இந்த அலைச்சல் மிச்சம்.

இரண்டாவது, இடம் மாறுதல். மகன் பெயரில் வீடு எடுத்து, அதில் பெற்றோர் இருக்கிறார்கள். மகன் அமெரிக்கா போய்விடுகிறார். எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வீட்டை வேறொருவர் வசம் ஒப்படைப்பது, வெளியேற்றக் கோருவதற்கு ஒரு காரணம். பெற்றோர் வசிப்பது உள்வாடகை ஆகிவிடாது என்று வாதிட்டு ஜெயிக்கலாம். ஆனால், ஒப்பந்தத்தில் அவர்கள் பெயர் இருந்தால் அந்த வாதத்துக்கே வேலையில்லை.

மூன்றாவது, பிரிவு. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-ன்படி, கணவர் பெயரில் எடுத்த வாடகை வீடும் 'பகிர்ந்து வாழும் இல்லம்'தான். மனைவி பெயர் ஒப்பந்தத்தில் இல்லாவிட்டாலும் அங்கே வசிக்கும் உரிமை உண்டு. ஆனால், அதற்கு எல்லை இருக்கிறது. பெங்களூரு வாடகை வீடு ஒன்று தொடர்பாக 2005-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கணவரால் கைவிடப்பட்ட மனைவி வெளியேற்ற வழக்கில் தன் தரப்பை வாதாடலாம் என்றது. அந்த வழக்கில் பெண்ணுக்கு இடையில் விவாகரத்து ஆகிவிட்டது. வீட்டில் வசிக்கும் உரிமை பற்றி விவாகரத்தில் எந்த ஏற்பாடும் இல்லாததால், அவருக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. அவரே இணை வாடகைதாரராக இருந்திருந்தால், உரிமை கணவர் வழியாக வர வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

வரிச்சலுகையும் இருக்கிறது

பழைய வரி முறையில் வீட்டு வாடகைப்படிக்கு விலக்கு கேட்பவர், தானே வாடகை கொடுப்பதைக் காட்ட வேண்டும். ஒப்பந்தம் அப்பா பெயரில், வாடகை மகள் கணக்கிலிருந்து என்றால் அலுவலகத்தில் கேள்வி வரலாம். வாடகை கொடுப்பவர் பெயர் ஒப்பந்தத்தில் இருப்பது நல்லது. புதிய வரி முறையில் இந்த விலக்கு இல்லை.

சரி, என்ன செய்யலாம்?

* 18 வயது நிரம்பிய அனைவரையும் 'உடன் வசிப்பவர்கள்' என்று பெயர், உறவுமுறையுடன் குறிப்பிடுங்கள்.
* கணவன், மனைவி இருவரும் இணை வாடகைதாரர்களாகக் கையெழுத்துப் போடுவது நல்லது. வாடகையில் பங்கு தரும் மற்றவர்களையும் சேர்க்கலாம்.
* வருமானம் இல்லாத பெற்றோர், தம்பி, தங்கையைக் கையெழுத்துப் போட வைத்து பாக்கிக்குப் பொறுப்பாளி ஆக்க வேண்டியதில்லை.
* ஒருவர் இறந்தாலோ, வெளியேறினாலோ அட்வான்ஸ் யாருக்கு என்பதைத் தனி வரியாக எழுதுங்கள்.
* புதுப்பிக்கும்போது வாடகையை மட்டும் மாற்றாமல் பெயர்ப் பட்டியலையும் சரிபாருங்கள். போன ஒப்பந்தத்தில் 17 வயதாக இருந்த தங்கை இப்போது மேஜர்.

ஓனர் மறுத்தால், குறைந்தபட்சம் உடன் வசிப்பவர்கள் பட்டியலையாவது கேளுங்கள். அவருக்கு அதில் செலவு எதுவும் இல்லை. வீட்டில் இருப்பவர்களுக்கோ, நெருக்கடி வரும் நாளில் கையில் காட்ட ஒரு காகிதம் இருக்கும்.